தனித்தட்டு

“உங்க பொண்ணுக்குன்னு தனியா எதுவும் செய்ய மாட்டேன் அண்ணி. எல்லாருக்கும் என்னவோ, அதான் அவளுக்கும். நீங்களும் எதையாவது தூக்கிட்டு வந்து நிக்காதீங்க!”

நாத்தனார் பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

“கேட்டீங்களா உங்க தங்கச்சி பேசுறதை?” என்று கணவன் பக்கம் திரும்பினாள் அம்மா. “கோதுமை துளி உள்ள போனாலும் நம்ம பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நாலு நாள் சுருண்டு படுத்துடுவா. தெரிஞ்சும் எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க!”

“அவ எப்பவும் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதான். பேசாம நாம போகாம இருந்துடலாமா?”

“அதெப்படி? நம்ம பொண்ணு இப்பத்தான் வரேன்னு தலையாட்டியிருக்கா.”

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுப் பின்பக்கத்தில் குடும்பமே கூடிக் கோழி சுடுவதாக ஏற்பாடு. கோழிக்கு உப்பும் மிளகும் மட்டும்தான், அதில் பயமில்லை. மேலே ஊற்றுகிற பார்பிக்யூ சாஸ்தான் எமன். கடை பாட்டிலில் கோதுமை எந்த ரூபத்தில் ஒளிந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

போன தடவை ஒரு பிறந்தநாள் விழாவுக்கு மகளின் சாப்பாட்டை மூடி போட்ட தனித்தட்டில் கொண்டுபோனார்கள். “என்ன வியாதிம்மா உனக்கு?” என்று ஆளாளுக்குத் துக்கம் விசாரிக்காத குறைதான். அன்றிலிருந்து அவள் எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. இப்போதுதான் இறங்கி வந்திருந்தாள்: “அத்தை வீட்டுக்கு வரேம்மா. ஆனா தனித்தட்டு வேணாம்.”

அம்மா அசரவில்லை. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஸ்டியரிங்கைத் தொட்டாலே வியர்த்துக் கொட்டுகிற ஆட்களை எல்லாம் நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டவளுக்கு ஒரு சாஸ் எம்மாத்திரம்?

சனிக்கிழமை அடுப்பில் பாத்திரம் ஏறியது. தக்காளி விழுது, வினிகர், பழுப்புச் சர்க்கரை, அரைத்த பூண்டு, கடுகுத்தூள், மிளகாய்த்தூள்.

“சோயா சாஸ் ஊத்தட்டுமா?” என்றான் கணவன், கரண்டியும் கையுமாக.

“அந்த பாட்டிலை எடுக்காதீங்க, அதுல கோதுமை இருக்கு. கோதுமை சேராதது தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்திருக்கேன், இதை ஊத்துங்க.”

“தண்ணியா இருக்கே. கெட்டியாகக் கொஞ்சம் மாவு...”

“மாவுன்னு இன்னொரு தரம் சொன்னீங்க, உங்க அடுப்படி லைசென்ஸை ரத்து பண்ணிடுவேன். தீயைக் குறைச்சுக் கிண்டுங்க. வத்தினா தானா கெட்டியாகும்.”

அவன் வேகமாகக் கிண்ட, சாஸ் சுவரில் தெறித்தது. அவளுடைய கால் தன்னையறியாமல் தரையில் பிரேக்கைத் தேடியது.

மகள் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள். “செமையா இருக்கும்மா! ஆனா இதைத் தனியா எடுத்துட்டுப் போனா எல்லாரும் கேப்பாங்களே?”

“தனியா எங்க எடுத்துட்டுப் போறோம்? அத்தை வீட்டு பாட்டில்ல இருக்கறதைக் கொட்டிட்டு இதை ஊத்திடப் போறேன். நாளைக்கு எல்லாருக்கும் நம்ம சாஸ்தான்!”

“அத்தை கண்டுபிடிச்சிட்டா?”

“உங்க அத்தைக்கு வாய்தான் நீளம். ருசி பார்க்கறதுக்கெல்லாம் அந்த நாக்குக்கு நேரம் ஏது?”

மறுநாள் சாஸ், கைப்பையில் ஒரு பிளாஸ்குக்குள் பதுங்கியபடி நாத்தனார் வீடு போய்ச் சேர்ந்தது. பின்பக்கத்தில் சுடுகிற கம்பிவலை புத்தம் புதிதாக மின்னியது. அதில் ரொட்டியை வாட்ட வந்தவர்களை நாத்தனார் விரட்டிக்கொண்டிருந்தாள்.

“பகட்டுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல,” என்று முணுமுணுத்தாள் அம்மா.

“சமையல்கட்டுல இருக்கற சாஸ் பாட்டிலை யாரும் தொடக் கூடாது,” என்று நாத்தனார் பொதுவாகக் குரல் கொடுத்தாள். “நான்தான் பரிமாறுவேன்!”

அம்மா கண்ணைக் காட்டினாள். கணவன் சொல்லி வைத்தபடி, “ஐயோ, கரி அணையுது, இங்க வா!” என்று தங்கையைக் கூவி அழைத்தான்.

அம்மா நழுவி உள்ளே போனாள். பாட்டிலின் மூடி ஏற்கெனவே திறந்திருந்தது வசதியாகப் போயிற்று. உள்ளே இருந்ததைக் குழாயடியில் கொட்டி, பாட்டிலைச் சோப்புப் போட்டு அலசித் துடைத்து, தன் சாஸை நிரப்பிப் பழைய இடத்திலேயே வைத்தாள். வெளியே வந்து மகளைப் பார்த்துத் தலையசைத்தாள்.

சற்று நேரத்தில் நாத்தனார் அந்த பாட்டிலைக் கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றினாள். மகள் தன் வயதுப் பிள்ளைகளோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அவர்கள் தட்டில் கைவைத்து, தன் தட்டில் அவர்கள் கைவைக்கவிட்டு, மூக்கெல்லாம் சாஸாகச் சாப்பிட்டாள். யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. எத்தனை நாளாயிற்று இவள் இப்படிச் சிரித்து!

கடைசியாகத்தான் நாத்தனார் ஒரு துண்டைச் சாஸில் தோய்த்து வாயில் போட்டாள். மென்றாள். நின்றாள். முகம் வெளிறிப் போயிற்று. ஓடிப்போய் அண்ணன் மகள் கையிலிருந்த தட்டை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“சாப்பிடாதே கண்ணு! வாயில இருக்கறதைத் துப்பு!”

அம்மாவுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “எல்லாரும் சாப்பிடறதைத்தானே அவளும் சாப்பிடறா? பிள்ளை கையிலிருந்து தட்டைப் பிடுங்கறியே, நீயெல்லாம் ஒரு அத்தையா?”

நாத்தனார் சாஸ் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். “இது என் சாஸ் இல்ல அண்ணி! இவ தனியா உக்காரக் கூடாதுன்னு, எல்லாருக்குமே கோதுமை சேராம நானே காய்ச்சி அந்த பாட்டில்ல ஊத்தி வெச்சிருந்தேன். எந்தப் பாவியோ அதைக் கொட்டிட்டு வேற எதையோ நிரப்பி வெச்சிருக்கா!”