கடைவாயில் ஒரு வெள்ளை

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் நாற்பது வயது மகன் நிற்கிறான். பக்கத்தில் அம்மா, மடங்கிக் கிடக்கும் அவன் காலரை நீவிவிடுகிறாள். தலைக்கு மேலே டியூப்லைட் விட்டுவிட்டு எரிகிறது. குடியை மறக்கடிக்கும் மாத்திரையை வாயில் போட்டு அவன் தண்ணீர் குடிக்கிறான். "வாயைத் திறங்க, நாக்கைத் தூக்குங்க" என்கிறாள் நர்ஸ். அவன் வாயைத் திறக்கும்போது அம்மாவின் வாயும் தன்னால் திறந்துகொள்கிறது, அவனுக்குச் சோறு ஊட்டிய காலத்தில் திறந்த மாதிரியே. நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "என்னம்மா, உங்களுக்கும் ஒண்ணு தரவா?" பார்வை அம்மாவிடம் போய்விட்டதால் அவன் கடைவாயை அவள் பார்க்கவில்லை. அம்மாவுக்குத் தெரிகிறது: கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே வெள்ளையாக ஒரு விளிம்பு. மாத்திரையை முழுங்காததற்காக ஏற்கெனவே இரண்டு முறை சிகிச்சைப் பட்டியலிலிருந்து அவன் பெயரை அடித்துவிட்டார்கள். காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் மறுபடி சேர்த்திருக்கிறாள். "முழுங்கிட்டாரில்லம்மா?" "முழுங்கிட்டான்மா." நர்ஸ் டிக் அடிக்கிறாள். வாசல் தாண்டியதும் அம்மா உள்ளங்கையை நீட்டுகிறாள். அவன் துப்புகிறான். "வெயிலா இருக்கு, சீக்கிரம் வாம்மா" என்று முன்னால் நடக்கிறான். பாதி கரைந்த மாத்திரையைத் துடைத்து, பர்ஸின் சின்ன ஜிப்பைத் திறந்து போடுகிறாள். அங்கே ஏற்கெனவே ஆறு கிடக்கின்றன.