இரண்டு சொட்டு நீலம்

பச்சை பீருக்குப் பச்சைச் சாயம்தான் விடுவார்கள் என்று நவநீத் நினைத்திருந்தான்.

கவுண்டருக்குப் பின்னால் நின்றவள் குழாயைத் திறந்து யாருக்கோ ஒரு கிளாஸ் பீர் பிடித்தாள். சின்ன பாட்டிலைக் கவிழ்த்து இரண்டு சொட்டு விட்டாள். நீலம். மஞ்சள் பீருக்குள் அது புகைபோல இறங்கி, பாதி தூரம் போவதற்குள் பச்சையாகிவிட்டது.

இன்னொரு கிளாஸுக்கும் அவள் அதையே செய்யும்வரை நின்று வேடிக்கை பார்த்தான்.

செயின்ட் பேட்ரிக்ஸ் டே, எல்லாவற்றையும் பச்சையாக்கிக் கொண்டாடும் ஐரிஷ் திருநாள். மத்தியானம் மூன்று மணிக்கே டாலஸ் தெருவெல்லாம் பச்சைத் தொப்பிகள். புறநகர் ரிச்சர்ட்சனில் இருந்த ஆபீஸிலிருந்து டீம் மொத்தமும், எட்டுப் பேர், ரயிலேறி வந்திருந்தார்கள். இழுத்து வந்தவர் மேனேஜர் அனந்தராமன். வருஷா வருஷம் இது அவர் வழக்கமாம். வராதவர்களுக்கு லீவ் கிடையாது என்று ஒவ்வொரு சீட்டாகப் போய் மிரட்டியிருந்தார்.

நவநீத் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லை.

அவன் குடியை விட்டுப் பதினோரு மாதம்.

இந்த ஊரில் அது யாருக்கும் தெரியாது. தெரிந்த மனைவி அஞ்சனா, மகளோடு பழைய ஊரான பிளெய்ன்ஸ்பரோவிலேயே இருந்துவிட்டாள். ஒரு வருஷம் ஒழுங்காக இருந்து காட்டு, ஸ்கூல் லீவ் விட்டதும் நாங்களும் டெக்சஸ் வருகிறோம் என்று சொல்லியிருந்தாள்.

கோக் வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால் ஏன் என்பார்கள். மருந்து சாப்பிடுகிறேன் என்றால் என்ன மருந்து என்பார்கள். ஒரு கோக்குக்கு அரை மணி நேரம் பதில் சொல்ல வேண்டும்.

அதனால்தான், எல்லாரும் வாங்கிக்கொண்டு போகட்டும் என்று கடைசி ஆளாக நின்றான். பிறகு கவுண்டரில் குனிந்து, ஜிஞ்சர் ஏல் என்கிற இஞ்சி சோடாவில் அந்தச் சாயத்தைக் கலந்து தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. சாய பாட்டிலையும் தொடவில்லை. அடியிலிருந்து ஒரு ஜக்கை எடுத்தாள். ஏற்கனவே பச்சையாகக் கலந்து வைத்திருந்தது.

ஜக்கில் ஒரு கிளாஸ் அளவு குறைந்திருந்தது.

டேபிளுக்கு வந்து உட்கார்ந்த பிறகும் அந்த ஜக் மனதை விட்டுப் போகவில்லை. பயமெல்லாம் எங்கோ போய், அந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பு. யாராக இருக்கும்? ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவரா? கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டிய யாராவதா?

குடித்தவனுக்கு ஒன்று தெரியும். பீர் இறங்க இறங்க, கிளாஸின் உட்புறத்தில் நுரை ஒட்டிக்கொண்டே வரும். மடக்குக்கு ஒரு வளையம். சோடாவில் அது ஒட்டாது.

சும்மா, தன் டேபிளிலிருந்து ஆரம்பித்தான். மானஸாவின் கிளாஸில் இரண்டு வளையம். க்ரிஷ் அதற்குள் நாலு போட்டிருந்தான். மற்றவர்களுடையதிலும் ஒன்று, இரண்டு.

அனந்தராமன் உட்காரவே இல்லை. தொப்பி கோணலாக, நாக்கு குழற, யாரோ ஒரு பழைய கிளையண்டைப் பற்றிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே கிளாஸுக்கு இப்படி ஆகிவிடுகிறாரே என்று மானஸா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் கையிலிருந்த கிளாஸ் முக்கால்வாசி காலி.

உட்புறம் கழுவி வைத்ததுபோல் இருந்தது.

நவநீத் பார்வையை எடுப்பதற்குள் அவர் பார்த்துவிட்டார். அவர் கண் அவனுடைய கிளாஸுக்கு வந்தது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

தொப்பென்று பக்கத்து நாற்காலியில் விழுந்து, அவன் தோளில் கையைப் போட்டார். அவரிடமிருந்து இஞ்சி வாசனை வந்தது.

"எத்தனை மாசம்?"

ஓர் எழுத்துகூடக் குழறவில்லை.

"பதினொண்ணு."

"எனக்கு ஒன்பது வருஷம்."

தோளை ஒரு தரம் அழுத்தினார். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தானும் நவநீத்தும் போய் எல்லாருக்கும் இன்னொரு ரவுண்டு வாங்கி வருவதாகக் குழறலாக அறிவித்துவிட்டு, தள்ளாடியபடி கவுண்டரைப் பார்க்க நடந்தார்.

பின்னாலேயே போன நவநீத்துக்குத்தான் நிஜமாகவே கால் தடுமாறியது.