மணி அடிக்கிற வரைக்கும்

"குழந்தை எதுக்காகம்மா இப்படி அடக்கி அடக்கி வைக்கிறா?"

டாக்டர் கேட்டதும் கணக்கு டீச்சருக்குச் சுருக்கென்றது.

மகளுக்கு ஏழு வயது. ஒண்ணுக்குப் போகிற இடத்தில் கிருமி, காய்ச்சல். ஆறு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

"கிட்னி கெட்டுடக் கூடாதுன்னுதான் இந்த ஆன்டிபயாடிக். மறுபடி வராம இருக்க, தினமும் படுக்கப் போறப்ப கொஞ்சூண்டு. ஒரு வருஷம் கொடுங்க. ஆனா மருந்து பாதி வேலைதான் பார்க்கும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவ பாத்ரூம் போயே ஆகணும்."

வீட்டில் அடக்கச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அப்படியென்றால் ஸ்கூலில்தான். யாரோ ஒரு புண்ணியவதி குழந்தையை எழுந்திருக்கவே விடுவதில்லை!

பதினொரு வருஷமாக வேறொரு ஸ்கூலில் ஏழாம் வகுப்பைக் கட்டி மேய்க்கிறவள். டீச்சர்களின் தில்லுமுல்லு அவளுக்குத் தெரியாதா என்ன?

அன்று சாயங்காலமே ஆதாரம் சிக்கியது. மகள் தலையணைகளை வரிசையாக உட்கார வைத்து டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். கையில் ஸ்கேல்.

"என்ன, பாத்ரூமா? மணி அடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது!"

கணக்கு டீச்சர் போனைப் பதிவில் போட்டுக் கதவோரம் வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் பாய்ந்தாள். மீதியைக் கேட்க யாருக்குப் பொறுமை? இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதினாள். 'இப்படிப்பட்டவர் டீச்சர் வேலைக்கே லாயக்கில்லை' என்ற வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு வேறு.

மறுநாள் மகளின் ஸ்கூல், தலைமையாசிரியை அறை. வகுப்பு மிஸ்ஸையும் கூப்பிட்டு விட்டிருந்தார்கள். சின்னப் பெண்.

"நான் தினமும் கேட்கிறேன் மேடம். அவதான் போக மாட்டேங்கிறா. 'நான் நல்லா அடக்குவேன் மிஸ்'னு பெருமையா சொல்றா."

"பச்சைப் பொய்! இந்தாங்க, நீங்களே கேளுங்க."

போனை மேஜையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். மகளின் குரல் ஒலித்தது.

"மணி அடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது! முக்கால் மணி நேரம் அடக்க முடியலையா? நீங்கல்லாம் ஏழாம் வகுப்பா? அவ ஸ்கூல் லீவுன்னா என் பொண்ணு இங்க வந்து கடைசி பெஞ்சுல உட்கார்றாளே, ஒரு தடவையாவது எழுந்திருக்கிறாளா? அவளைப் பார்த்துக் கத்துக்கோங்க!"

தலைமையாசிரியை போனையும் கணக்கு டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த ஸ்கூலில் ஐந்தாம் வகுப்போடு சரி; ஏழாம் வகுப்பே கிடையாது.

கணக்கு டீச்சருக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அவமானத்தைக்கூட விழுங்கிவிடலாம். அம்மாவின் பாராட்டுக்காகக் குழந்தை இத்தனை நாளும் அடக்கியிருக்கிறாளே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

தலைமையாசிரியை புகாரை மெல்ல மடித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா. இதை எந்த ஸ்கூலுக்கு அனுப்பட்டும்?"

அடுத்த நாள் ஏழாம் வகுப்புக் கதவை அவளே விரியத் திறந்து வைத்தாள்.

"யாருக்குப் போகணுமோ போயிட்டு வாங்க. என்னைக் கேட்கக்கூட வேண்டாம்."

முப்பத்தெட்டு பேரில் ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில், முன் பெஞ்சில் காலைப் பின்னிக்கொண்டு நெளிந்த ஒரு பெண் பயந்து பயந்து கையைத் தூக்கினாள்.

"டீச்சர்... இது டெஸ்டா?"