தாய்மாமன் எறிந்த கல்

சோணைமுத்து கடைசியாக மலையாண்டியை உயிரோடு பார்த்தபோது, அவன் கையில் கல் இருந்தது.

"அங்குட்டே நில்லுங்க மச்சான். வேலியத் தாண்டாதீக."

"ஏண்டா, எம்பன்னிய நான் வந்து பாக்கக்கூடாதா?"

கல் வந்து முழங்காலுக்குக் கீழே பட்டது. மலையாண்டியின் கை அடுத்த கல்லைத் தேடியது. சோணைமுத்து திரும்பிவிட்டார்.

மலையாண்டி அந்நியன் இல்லை. அவர் மனைவி ஆயியின் கூடப்பிறந்த தம்பி. பள்ளத்தூருக்கு வெளியே கண்மாய்க்கரையில் இருவருக்கும் அடுத்தடுத்த பன்றிப்பட்டி. நடுவில் ஒரு முள்வேலிதான்.

சோணைமுத்து தன் தாய்ப்பன்றி ஒன்றை அவனிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். வளர்ப்பது அவன், போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. மகள் கல்யாணத்துக்குத் தன் பட்டியில் இருந்ததையும் அந்தப் பாதியையும்தான் நம்பியிருந்தார்.

மலையாண்டியின் பன்றிகள் பீப்பாய் மாதிரி இருக்கும். டவுனிலிருந்து ஒரு மஞ்சள் பொடி வாங்கி வந்து தினமும் தீவனத்தில் ஒரு கை கலப்பான். சீக்குக்குக் கொடுக்கிற மருந்துதான். இவன் சீக்கு வராமலே நாலு வருஷமாகக் கொடுத்தான். சோணைமுத்துவுக்கு அதை வாங்க வசதியில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் பங்குனியில் அவன் பட்டியில் சத்தம் குறைய ஆரம்பித்தது.

பன்றிப்பட்டி என்றால் விடிந்தால் இரைச்சல், அடைந்தால் இரைச்சல். அது நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தது, யாரோ ஒவ்வொரு வாயாகப் பொத்திக்கொண்டு வருவதுபோல. பிறகு ஒரு காலையில் ஒன்றுமே கேட்கவில்லை.

ஒரே ஒரு பன்றி மட்டும் நடமாடியது. முனியய்யாவுக்கு நேர்ந்துவிட்ட பன்றி. எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தது. பொழுது சாயும்போது வேலியோரம் வந்து, சோணைமுத்துவின் பட்டியையே பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கும். மலையாண்டி அதையும் கல்லெறிந்து விரட்டினான்.

"சாமி பன்னிய அடிக்கிறானே! புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?" என்றாள் ஆயி.

"புத்தியெல்லாம் தெளிவாத்தான் இருக்கு. எம்பங்க முழுங்கப் பாக்குறான் உந்தம்பி."

அதைக் கேட்கப் போனபோதுதான் அந்தக் கல் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் வேலிப்பக்கம் தலைகாட்டவில்லை.

இரண்டு வண்டிச் சுண்ணாம்பு வந்து அவன் பட்டியில் இறங்கியது.

"என்னப்பா, மலையாண்டி செட்டியாரு அரமனை கட்டப் போறாகளோ?" என்று ஊர் சிரித்தது.

மறுநாள் நேர்ந்துவிட்ட பன்றியைக் காணோம். சாமிக்குக் கொடுக்காமல் அவனே கொன்றுவிட்டான் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

"முனி சும்மா விடாது," என்றார்கள்.

அந்த வாரம் சிங்கம்புணரிச் சந்தை வியாபாரி பெரியகருப்பன், சோணைமுத்துவின் பன்றிகளைப் பிடிக்க வந்தார். வந்தவர் வேலிக்கு அங்குட்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, பக்கத்துப் பட்டியில மூச்சுப் பேச்சில்ல? நோவு கீவு வந்துருச்சா? அப்படீன்னா உங்க பன்னியும் எனக்கு வேணாம்."

"நோவாவது! எனக்குப் பங்கு குடுக்கணுமேன்னு ராவோட ராவா எல்லாத்தையும் கடத்திட்டான் களவாணிப்பய. கேட்டதுக்குக் கல்லால அடிச்சிருக்கான், இங்க பாருங்க."

வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினார். அங்கே தழும்பு எதுவும் தெரியவில்லை. இருந்தாலும் பெரியகருப்பன் உச்சுக் கொட்டினார். எல்லாப் பன்றிகளையும் பிடித்துக்கொண்டு போனார்.

கல்யாணம் நடந்தது. தாய்மாமன் மலையாண்டிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

"தாய்மாமன் இல்லாமக் கல்யாணமா?" என்று ஆயி அழுதாள்.

"கல்லெறிஞ்சவனுக்கு என்னடி பாக்கு?"

கல்யாணத்துக்கு மறுவாரம் மலையாண்டி செத்துப்போனான். வயிற்றுப்போக்கு. காரைக்குடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை. முனி அடித்துவிட்டது என்றது ஊர். எழவுக்கு ஆயி மட்டும் போய்வந்தாள்.

காரியம் முடிந்ததும் சோணைமுத்து பங்கு கேட்க வேலியைத் தாண்டினார்.

பட்டியில் பன்றி இல்லை. ஈ கூட இல்லை. தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. நடுவில் நீளமாக ஒரு மேடு. பெய்த மழைக்கும் அதன்மேல் ஒரு புல் முளைத்திருக்கவில்லை. தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்க, அவர் அங்கேயே நின்றார்.

"வாங்கண்ணே. இப்ப வரலாம்."

பின்னால் மலையாண்டியின் மனைவி பொன்னுத்தாயி நின்றிருந்தாள்.

"உங்க பங்கும் அந்தக் குழிக்குள்ளதான் இருக்கு. தினமும் தின்ன பொடிக்கு நோவு பழகிப்போச்சாம். இனி எந்த மருந்துக்கும் அடங்காதுன்னு மாட்டாஸ்பத்திரி டாக்டரு சொல்லிட்டாரு. பாக்க நல்லா இருந்த சாமி பன்னிதான் அதச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சிச்சாம். உங்க பட்டிக்கு இன்னும் வரல, ஆனா மனுசன் கால்ல ஒட்டிக்கிட்டுக்கூட வேலி தாண்டிரும்னாரு. அதான் ஒண்ணுவிடாமப் பொதைச்சாக. கிட்ட இருந்து அள்ளுனவுக, அவுகளையும் அது விடல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயி..."

"நானுந்தான் கேட்டேன். 'நோவுன்னு வெளிய தெரிஞ்சா வியாபாரி மச்சான் பன்னியவும் தொடமாட்டான், பிள்ளை கல்யாணம் நின்னுபோகும். களவாணின்னா அந்தப் பேரு எனக்கு மட்டுந்தானே'ன்னாக."

சோணைமுத்து திரும்பி நடந்தார். வேலியோரம், எறிவதற்கென்று மலையாண்டி பொறுக்கி வைத்த கற்கள் குவியலாகக் கிடந்தன. குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

அந்தக் கண்மாய்க்கரை முழுக்கத் தேங்காய்ப் பருமன் கல்தான் கிடக்கும்.

குவியலில் இருந்தவை எல்லாம் கொட்டைப்பாக்கு அளவு.