கூடுதல் கணக்கு

கல்லூரியிலிருந்து வந்த இங்கிலீஷ் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, கிருஷ்ணப்பன் மகனிடமே நீட்டினார்.

“இன்னாடா கேக்கிறான் இதுல?”

மனோகரன் தொண்டையைச் செருமிக்கொண்டான். மின்சார இன்ஜினீயர் படிப்பில் இனி இரண்டு வருஷத்துக்குக் கூடுதல் கணக்குப் பாடங்கள், தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றான்.

அதோடு நிறுத்தவில்லை. அந்தக் கணக்கு தன் மண்டையில் ஏறாது, தங்கை பவுனம்மாள் கூட உட்கார்ந்து போட்டால்தான் தேறுவேன், இல்லாவிட்டால் படிப்பே அம்போ என்றான்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற கிருஷ்ணப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளிக்கிழமை திருவொற்றியூரிலிருந்து பவுனம்மாளுக்குத் தாம்பூலம் மாற்ற வருகிறார்கள். மாசியில் கல்யாணம். பெண்ணோ இரண்டு நாளாகச் சோற்றை அளைந்துகொண்டிருக்கிறாள். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவளா இன்ஜினீயருக்குக் கணக்குப் போடுவாள்?

மனோகரன் போன மாதம் நடந்ததைச் சொன்னான். அதில் ஒரு சொல்கூட மிகை இல்லை.

அவன் புத்தகத்தில் ஒரு படம். மூன்று மின்சார அலைகள், ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்கும். பவுனம்மாள் சிலேட்டோடு உட்கார்ந்தாள். உலை கொதிப்பதற்குள் நிமிர்ந்தாள். எந்த நொடியில் கூட்டினாலும் மூன்றும் சேர்ந்து பூஜ்யம்தான் வருகிறது, அப்புறம் மின்சாரம் திரும்பி வர இன்னொரு கம்பி எதற்கு என்று கேட்டாள்.

மறுநாள் மனோகரன் ராயபுரத்தில், மில்லுக்கு மின்சாரம் போகும் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். தினமும் கடந்துபோகிற கம்பம்தான்.

மூன்றே கம்பிகள்.

அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஊரெல்லாம் கட்டிவைத்திருப்பதை இவள் அடுப்படியை விட்டு நகராமலே கண்டுபிடித்துவிட்டாள்.

கிருஷ்ணப்பன் அடுப்படியில் இருந்த மகளையே வெகுநேரம் பார்த்தார். பதினாறு வருஷமாகப் பார்க்கிற முகத்தை இன்றுதான் பார்ப்பவர்போல் பார்த்தார்.

“ரெண்டு வருசம் கயிச்சு வரச் சொல்லிடறேன்,” என்றார்.

அவர் கையெழுத்துப் போட ஏதுவாக, பவுனம்மாள் தாளைப் பலகைமேல் வைத்து அழுத்திப் பிடித்தாள். படித்த இங்கிலீஷ் அவளுக்கு மறந்துபோகவில்லை. அவள் கண் முதல் வரியிலேயே நின்றுவிட்டதை மனோகரன் கவனித்தான்.

அந்தக் கூடுதல் பாடங்களை விருப்பமுள்ளவர்கள் மட்டும் எடுத்தால் போதும் என்று அதில் இருந்தது.

அவள் அண்ணனை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலை மெல்ல நகர்த்தி அந்த வரியின் மேல் வைத்துக்கொண்டாள்.