புடலங்காய் மானியம்

சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் கார் நிறுத்தும் கட்டடத்து மொட்டைமாடியில் காய்கறி பயிரிடுகிறவர்களுக்குக் குடியிருப்பாளர் குழு உர மானியம் கொடுத்துவந்தது. அன்றைய கூட்டத்தில் பேரின்பநாயகம் எகிறிக் குதித்தார்.

“இந்த யதீசன் வருஷம் பூரா மானியம் வாங்குறான். ஒரு புடலங்காயாவது கண்ணுல காட்டினானா?”

“காய்க்குது அங்கிள். காலையில போய்ப் பார்த்தா காணோம்,” என்றான் யதீசன் பாவமாக. “மைனா தூக்கிட்டுப் போகுது போல.”

“மைனா புடலங்காயத் தூக்குமா லா? இது பொதுப் பணம்! பயனாளி மூஞ்சியப் படம் எடுத்து லிஃப்ட் பக்கத்துல ஒட்டுங்க. ஊரே பார்க்கட்டும்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. மறுநாள் விடியற்காலையிலேயே செயலாளர் படம் எடுக்க மாடியேறினார்.

சாயங்காலம் மின்தூக்கி பக்கம் ஒரே சிரிப்பு. பேரின்பநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். அங்கே அவர் மனைவி கமலாம்பிகை இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

“என்னங்க, தேக்கா மார்க்கெட்டுல வாங்கினேன்னு கொண்டுவந்து கொடுப்பீங்களே, அது இந்தப் புடலங்காயா?”

படத்தில், பந்தலுக்கடியில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு கையிலும் காயோடு நின்றது அவரேதான். கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்:

‘மானியம் பெற்றவர்: யதீசன். பயனாளி: பேரின்பநாயகம்.’