மாமனார் இன்னும் விற்கவில்லை

“உங்க டாடி வித்துட்டாரா இல்லையா? அதை மட்டும் சொல்லு” என்று குளியலறைக்குள்ளிருந்தே கத்தினான் சித்தார்த்.

“விக்கலையாம். ரயில் ஏறும்போது போன் பண்ணாரு. இன்னைக்கும் அதே கேள்விதான், ‘மாப்ளே வித்துட்டாரா?’ன்னு” என்றாள் பிரிசில்லா.

சித்தார்த்துக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது. மாமனார் விற்கவில்லை என்றால் பயமில்லை. பதறிப்போய் மாப்பிள்ளை விற்றுத் தொலைத்துவிடப் போகிறாரே என்றுதான் மனிதர் தினமும் விசாரிக்கிறார்.

ஹேமகிரி மைன்ஸ் என்ற அந்தத் தங்கச் சுரங்கக் கம்பெனியின் பங்கு, வாங்கிய நாளிலிருந்து இறங்கு முகம்தான். பழைய சுரங்கம் ஒன்றைத் திறக்க அனுமதி கிடைக்கப் போகிறது, கிடைத்தால் விலை நாலு மடங்கு என்று டிவியில் ஒரு கோட்டுக்காரர் வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அனுமதியும் வரவில்லை, கோட்டுக்காரருக்கு வெட்கமும் வரவில்லை. வெள்ளிக்கிழமை, அனுமதி மறுக்கப்படலாம் என்று ஒரு செய்தி கசிந்ததும் பங்கு தொப்பென்று விழுந்தது.

கே.ஆர்.புரம் ஃப்ளாட்டுக்கென்று சேர்த்த பணம் மொத்தமும் அதில்தான் மாட்டிக்கொண்டு கிடந்தது. மாதக் கடைசிக்குள் பில்டருக்குக் கட்டாவிட்டால் ஃப்ளாட் கைவிட்டுப் போய்விடும். வாடகை வீட்டின் ஒழுகும் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் சித்தார்த்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இத்தனைக்கும் அவனுக்கு வேலை, பங்கு வாங்கி விற்கும் ஆப் தயாரிக்கிற கம்பெனியில். லீவு நாளிலும் விடாமல், போனில் பொய்ப் பணத்தில் கண்ணில் பட்ட பங்கை வாங்கி விற்று, பட்டன்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கும் டெஸ்டர். மற்றபடி எது ஏறும், எது இறங்கும் என்பது மர்பி டவுன் மார்க்கெட்டில் மீன் விற்கும் யசோதாவுக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் இவனுக்கும் தெரியும்.

மாமனார் சில்வெஸ்டர் அப்படியில்லை. கோலார் தங்கவயலில், கல்லை அரைத்து அதில் தங்கம் எவ்வளவு என்று சோதிக்கும் பிரிவில் காலம் தள்ளியவர். அப்பேர்ப்பட்டவர் புது வருடம் பிறந்ததும் ஹேமகிரி பங்கு வாங்கினார்.

“ஏன் டாடின்னு கேட்டேன். விஷயம் தெரிஞ்சவங்க வாங்குறாங்கன்னு மட்டும் சொன்னாரு” என்று பிரிசில்லா சொன்ன அன்றே இவனும் வாங்கிவிட்டான்.

மாமனாரையே நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கல்யாணமானதிலிருந்து அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது “வாங்க மாமா”, “சாப்ட்டீங்களா மாப்ளே” என்ற இரண்டு வாக்கியங்கள்தான். மீதி எல்லாமே பிரிசில்லா வழியாகத்தான் போய் வரும். இதற்கு அந்தக் குடும்பத்தில் மரியாதை என்று பெயர்.

மதியச் சாப்பாட்டுக்கு சில்வெஸ்டர் வந்து சேர்ந்தார். “வாங்க மாமா” என்றான் சித்தார்த். அவர் தலையாட்டிவிட்டு, எதையோ கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டார்.

சித்தார்த் சமையலறைக்குப் பாய்ந்தான். “நாளைக்கு மார்க்கெட் திறந்ததும் விக்கறதா, வெச்சிருக்கறதா? நீ ஒரு வார்த்தை கேளேன்.”

“போதும்ப்பா சாமி! எத்தனை மாசமா நானும் போஸ்ட்மேன் வேலை பாக்கறது? அவரும் அதையேதான் கேக்கறாரு, நீங்களும் அதையேதான் கேக்கறீங்க. நேராப் போய்ப் பேசுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று கரண்டியை நீட்டி வழி காட்டினாள் பிரிசில்லா.

ஹாலுக்கு வந்தான். டிவியில் அதே கோட்டுக்காரர் அதே நாலு மடங்கைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அணைத்துவிட்டு மாமனார் எதிரில் உட்கார்ந்தான். இத்தனை நாள் காத்த மரியாதை, எரிச்சலில் காணாமல் போயிருந்தது.

“மாமா, உங்களை நம்பித்தான் ஃப்ளாட் பணத்தை அதுல போட்டேன். விக்கலாமா, வேணாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க.”

சில்வெஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. “என்னை நம்பியா?”

“பின்னே? அந்த மண்ணுல தங்கம் இருக்குன்னு தெரியாமலா நீங்க செட்டில்மென்ட் பணத்தை எடுத்துப் போட்டீங்க?”

“அந்த மண்ணு செவப்பா கருப்பான்னுகூட எனக்குத் தெரியாது மாப்ளே. ஆபீஸ் ரகசியம் வெளிய போனா உங்க வேலைக்கு வம்பாயிடும்னு பாப்பாகிட்டகூட மூச்சு வுடல.”

“என்ன ரகசியம் மாமா?”

“கிறிஸ்மஸுக்கு எங்க வூட்டுக்கு வந்தப்போ, போனை வெச்சிக்கினு நாள் பூரா நீங்க அந்த ஷேரைத்தானே வாங்கித் தள்ளினீங்க?”